லாச்சிக் கஞ்சியும் ஓட்ஸ் பெட்டியும்

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்குப் போன கிளினிக்கில் சீனி கூடிவிட்டது எண்டு சொல்லியிருக்கிறார்கள். பாணைக் குறையுங்கோ, புட்டைக் குறையுங்கோ, காலமையில ஓட்ஸ் சாப்பிடுங்கோ. அம்மா வரும் வழியிலேயே ஒரு பக்கற் வாங்கி, அதில் போட்டிருந்தபடி தண்ணியில் அவித்து, இரண்டு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நோட்டீஸ் ஒட்டுற பசை" எண்டு தள்ளி வைத்துவிட்டார். பக்கற் எங்கட அறைக்கு வந்து சேர்ந்தது.

2021இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நேரம் ரிக்ரொக்கில் ஓட்ஸை அவிக்காமல் 'பேக்' பண்ணுகிற வீடியோக்கள் நிறைய வந்தது ஞாபகம் இருக்கும். பார்க்கக் கேக் மாதிரி, பெயருக்கு ஆரோக்கியம். வீட்டுக்கார அன்ரியிடம் கேக் அடிக்கிற ஒவன் ஒன்று இருந்தது. செய்து பார்ப்போம் எண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். தட்டு உள்ளே போய் வெளியே வர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் வெறும் பக்கற்றைத்தான் திருப்பித் திருப்பி வாசித்தோம். 'ஆரோக்கியமான காலை உணவு'. சரித்திரம் படிக்கிற ஆட்களுக்கு இப்படி ஒரு வசனத்தைப் பார்த்தால் சும்மா இருக்க ஏலாது. இதை ஆர் சொன்னது? எப்ப சொன்னது? அதுக்கு முதல் இதை ஆர், என்னவெண்டு நினைத்துச் சாப்பிட்டது? அந்தக் கேள்விகள் எங்களை அடுத்த மூன்று வாரம் நூலகத்தில் உட்கார வைத்தன.

முதலில் எங்களை ஆச்சரியப்படுத்தியது, ஓட்ஸ் ஒரு களை என்பது. மேற்காசியாவில் கோதுமையும் வாற்கோதுமையும் பயிராகிய வயல்களுக்குள் அழைப்பில்லாமல் வளர்ந்த புல் அது. விதை தானியத்தோடு கலந்து ஐரோப்பாவின் வடக்குப் பக்கம் போயிருக்கிறது. போகப் போகக் குளிரும் ஈரமும் கூட, கோதுமை சோர்ந்துபோக, களை செழித்திருக்கிறது. ஒரு கட்டத்தில் விவசாயிகள் களையையே பயிராக்கிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்திய ஐரோப்பாவில் இது நடந்திருக்கிறது. இப்படிக் களையாக வந்து பயிரான தானியங்களைப் பற்றி விளக்கியவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் வவிலோவ். உலகம் முழுக்க அலைந்து தானிய விதைகளைச் சேர்த்த அந்த மனிதர், ஸ்ராலின் காலத்துச் சிறையில் 1943இல் பட்டினியால் செத்தார். ஓட்ஸுக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பில்லை, ஆனால் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

பயிராக்குவதற்கு முதலே மனிதர் காட்டு ஓட்ஸைச் சாப்பிட்டிருக்கிறார்கள். தெற்கு இத்தாலியில் பக்லிச்சி என்ற குகையில் கிடைத்த ஓர் அரைக்கும் கல்லில் ஓட்ஸின் மாச்சத்துத் துகள்கள் ஒட்டியிருந்ததை 2015இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கல்லின் வயது ஏறக்குறைய 32,000 ஆண்டுகள். அரைப்பதற்கு முதல் தானியத்தைச் சூடாக்கிக் காயவைத்த அடையாளமும் அதில் இருந்தது. வறுத்து இடிப்பது எங்கட ஆச்சிமாரின் கண்டுபிடிப்பில்லை எண்டு தெரிகிறது.

ஆனால் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓட்ஸில் மரியாதை இருக்கவில்லை. 1ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, ஓட்ஸை நல்ல தானியத்துக்கு வரும் ஒரு நோய் மாதிரித்தான் எழுதுகிறார், ஜேர்மானியர் இதைக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்றும் சொல்கிறார். 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியிலும் அதே தொனிதான்: இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்கொட்லாந்தில் சனம் சாப்பிடுவது என்கிற அர்த்தத்தில் ஒரு விளக்கம். அகராதிக்குள் இருந்துகொண்டு பகிடி விடுகிறார். ஒரு தானியத்துக்கு அர்த்தம் எழுதுகிறவர் ஒரு சனத்துக்கும் சேர்த்து அர்த்தம் எழுதிவிடுகிறார் என்பதுதான் எங்களுக்குப் பட்டது. குரக்கன் ரொட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போய், பெட்டியைத் திறக்க வெட்கப்பட்ட பிள்ளைகள் எங்களுக்குள்ளும் இருக்கிறோம்.

ஸ்கொட்லாந்தில் ஓட்ஸ் தெரிவாக இருக்கவில்லை. கோடை குறுகியது, மண் புளிப்பு, மழை ஓயாது. அந்த நிலத்தில் நம்பி விதைக்கக்கூடியது அதுதான். பண்ணைகளில் வேலை செய்த இளந்தாரிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியே ஓட்ஸ் மாவாகக் கொடுக்கப்பட்டது. கலியாணமாகாத பண்ணையாட்கள் தனிக் கொட்டிலில் கூட்டமாகத் தங்கினார்கள். நாள் முழுக்க வேலை, அடுப்பில் நின்று கிண்ட நேரமில்லை. கிண்ணத்தில் மாவைப் போட்டு, உப்புப் போட்டு, கொதிதண்ணி ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டார்கள். அதுக்கு 'புரோஸ்' எண்டு பெயர். வீடுகளில் கஞ்சியைக் காய்ச்சுகிறபோது 'ஸ்பேர்ட்டில்' என்ற உருண்டைத் தடியால் கட்டி படாமல் கிண்டுவார்கள். கார்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் 1994இல் இருந்து உலகக் கஞ்சி காய்ச்சும் போட்டியே நடக்கிறது, வெல்கிறவருக்குத் தங்கநிற ஸ்பேர்ட்டில் பரிசு. மாவைக் குழைத்துத் தட்டி இரும்புக்கல்லில் சுடும் ஓட்ஸ் ரொட்டியும் உண்டு. கிராமத்துச் சாதாரண வீடுகளில் போறணை குறைவு, கல்லும் நெருப்பும்தான். எங்கட ரொட்டிக் கல்லை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

இதில் எங்களுக்கு மிகப் பிடித்த விசயம் இரண்டு. ஒன்று, அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'ஓட்ஸ் மாத் திங்கள்' எண்டு ஒரு விடுமுறை இருந்திருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் தவணை தொடங்கும்போது வீட்டில் இருந்து ஒரு சாக்கு மாவோடு வருவார்கள். அது முடியும் நேரம் பார்த்து ஒரு திங்கட்கிழமை லீவு, வீட்டுக்குப் போய்ச் சாக்கை நிரப்பிக்கொண்டு வர. வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், மிக்சர் எல்லாம் போத்தலில் அடைத்து பஸ்ஸில் கொடுத்துவிடுகிற அம்மாக்களின் பிள்ளைகளான எங்களுக்கு இதை வாசிக்க என்னவோ செய்தது. எங்கட நிர்வாகத்துக்கும் யாராவது இப்படி ஒரு லீவு இருந்ததாகச் சொன்னால் நல்லது.

மற்றது லாச்சி. கிழமைக்கு ஒருக்கால் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, சமையலறை அலுமாரியின் லாச்சிக்குள் ஊற்றி ஆறவிடுவார்களாம். அது இறுகினதும் துண்டு துண்டாக வெட்டி, வயலுக்குப் போகிறவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போவார். சிலர் அதைப் பொரித்தும் சாப்பிட்டார்களாம். எத்தனை வீட்டில் இது உண்மையாக நடந்தது, எத்தனை பேத்திமார் கதையை வளர்த்தார்கள் என்பதில் சண்டை இருக்கிறது. ஆனால் கஞ்சி இறுகும் என்பதில் சண்டையில்லை. ஓட்ஸில் பீற்றா குளுக்கன் என்றொரு நார்ப்பொருள் இருக்கிறது. அது தண்ணியை இழுத்துப் பிசினாகும், ஆறினால் உறையும். அம்மா 'பசை' எண்டு சொன்னது இதைத்தான். ஒருநாள் உழைத்து ஆறு நாள் சாப்பிட அந்த ஏழைகளுக்கு உதவியதும் இதே பசைதான். கூடவே, டொக்டர்மார் இப்ப ஓட்ஸ் சாப்பிடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அதுக்குப் பிறகு வருவோம்.

இந்த ஓட்ஸ் நாட்டில் இருந்து இலங்கைக்கும் ஆட்கள் வந்தார்கள். கோப்பித் துரைமார், தேயிலைத் துரைமார் கனபேர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். லூல்கந்தூரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் ரெயிலர், வடகிழக்கு ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்து, 1852இல் பதின்ம வயதில் இங்கு வந்தவர். பண்ணையாட்கள் ஓட்ஸ் மாவைக் கூலியாக வாங்கிய பகுதிகளில் அதுவும் ஒன்று. இங்கே தோட்டத்தில் நடந்ததும் அதன் தூரத்துச் சொந்தம்தான்: தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிக்கு அரிசி கொடுத்தார்கள், அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். இன்னொன்றும் நடந்தது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் அரசாங்கத்தின் சொத்தாகக் கருதியது. குரக்கன் விளைந்தது சேனையில். ஒரு தேசத்தின் ஏழைத் தானியத்தில் வளர்ந்தவர்கள் இன்னொரு தேசத்தின் ஏழைத் தானியம் விளைந்த நிலத்தில் கோப்பி நட்டார்கள். அவர்களில் எவரும் இதை இப்படி யோசித்திருப்பார்கள் எண்டு நாங்கள் நினைக்கவில்லை.

இனி அமெரிக்கா. அங்கே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஓட்ஸ் குதிரைக்குத்தான். மனிதர் சாப்பிடுகிற ஓட்ஸ் மா வேணுமெண்டால் மருந்துக்கடைக்குப் போகவேணும். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் இருந்து வந்த சரக்கு அது, நோயாளிகளுக்கும் பிள்ளைபெற்றவர்களுக்கும் பத்தியத்துக்கு விற்கப்பட்டது. ஆக, 'ஆரோக்கியம்' என்ற சொல் ஓட்ஸோடு சேர்ந்த முதல் இடங்களில் ஒன்று மருந்துக்கடை அலுமாரி. எங்கட பக்கற் கிளினிக்கில் இருந்து வந்தது தற்செயல் இல்லைப்போல.

மருந்துக்கடையில் இருந்த ஓட்ஸைப் பலசரக்குக் கடைக்குக் கொண்டுவந்தவர் பேர்டினன்ட் சூமாக்கர். ஜேர்மனியில் 1822இல் பிறந்து, 1850இல் அமெரிக்கா போய், ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் கடை போட்டவர். ஊரில் சாப்பிட்ட ஓட்ஸ் கஞ்சி கிடைக்கவில்லை என்று, தானே கடையில் ஓட்ஸை நறுக்கிப் போத்தலில் போட்டு விற்கத் தொடங்கினார். குதிரைத் தீனியைச் சாப்பிடுகிறவன் கனைக்கத் தொடங்குவான் என்கிற மாதிரிப் பகிடிகள் பத்திரிகைகளில் வந்தன. பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது. வடக்கின் இராணுவம் சூமாக்கரிடம் ஓட்ஸ் வாங்கியது. சாப்பிட்டுப் பழகிய சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். யுத்தம் சனத்தின் காலைச் சாப்பாட்டை மாற்றும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேணும் எண்டில்லை. நிவாரண மாவில் ரொட்டி சுட்ட காலத்தை எங்கட வீடுகளில் இப்பவும் கதைப்பார்கள்.

1870களின் முடிவில் ஒரு நுட்பம் வருகிறது: தோல் நீக்கிய தானியத்தை ஆவியில் அவித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தட்டையாக நசுக்குவது. இன்று நாங்கள் பக்கற்றில் பார்க்கும் வெள்ளைச் செதில் இதுதான். ஆவி காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓட்ஸில் கொழுப்புக் கூட. சூடு காட்டாமல் நசுக்கினால் உள்ளே இருக்கும் நொதியம் வேலைசெய்து, சீக்கிரம் காறல் மணம் வந்துவிடும். முழு ஓட்ஸ் அவிய அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். செதில் அதைவிட மிகச் சீக்கிரம் அவியும். இதோடு கஞ்சித் தடிக்கு வேலை குறைந்தது.

இந்த இடத்தில் ஹென்றி பார்சன்ஸ் குறோவல் வருகிறார். 1881இல் ரவென்னா என்ற ஊரில் ஒரு ஆலையை வாங்கினார். அந்த ஆலையோடு ஒரு பெயரும் வந்தது. குவேக்கர் மதக் குழுவைச் சேர்ந்த ஒரு மனிதரின் படம், 1877இல் வர்த்தகக் குறியாகப் பதிவானது. அமெரிக்காவில் காலைத் தானியம் ஒன்றுக்கு முதலில் பதிந்த குறி அது. ஆலைக்கும் குவேக்கர் குழுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நேர்மைக்குப் பெயர்போன ஆட்கள், ஆகவே அவர்களின் உருவம். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் கடையில் ஓட்ஸ் திறந்த பீப்பாவில் இருக்கும், பூச்சியும் எலியும் கூட்டுக்கு வரும், கடைக்காரர் அள்ளி நிறுத்துத் தருவார். குறோவல் அதை மூடிய மட்டைப்பெட்டியில் போட்டார். பெட்டி வந்ததும் அதுக்கு வெளிப்புறம் ஒன்று கிடைத்தது, அதில் எழுதலாம். சமையல் குறிப்பு எழுதினார்கள். 1891இல் அச்சடித்த ஓட்ஸ் பாண் குறிப்புத்தான் உணவுப் பெட்டியில் வந்த முதல் குறிப்புகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு அயோவாவின் சீடர் ரப்பிட்ஸில் இருந்து போர்ட்லண்ட் வரைக்கும் ஓட்ஸ் ஏற்றிய தனி ரயில் ஒன்றை ஓடவிட்டார்கள், போகும் வழியெல்லாம் விளம்பரம். போர்ட்லண்டில் வீட்டுக்கு வீடு தபால் பெட்டிக்குள் சின்ன மாதிரிப் பெட்டி போட்டார்கள். சூமாக்கரின் பெரிய ஆலை 1886இல் எரிந்துபோயிருந்தது, காப்புறுதியும் இல்லை. போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து, சண்டை பிடித்து, கடைசியில் 1901இல் குவேக்கர் ஓட்ஸ் கொம்பனி பிறந்தது. 1922இல் ஐந்து நிமிட ஓட்ஸ், 1966இல் கொதிதண்ணி ஊற்றினால் போதும் என்கிற உடனடி ஓட்ஸ். பண்ணைக் கொட்டிலில் இளந்தாரிகள் சும்மா செய்ததை நூறு வருசம் கழித்துப் பொதிசெய்து, சீனியும் வாசனையும் போட்டு விற்றார்கள் எண்டு எங்களுக்குச் சிரிப்பு. ஆனால் அவசரமாக வேலைக்கு ஓடுகிற ஒருத்திக்கு அந்த ஐந்து நிமிடம் என்ன பெறுமதி எண்டு தெரியாமல் சிரிக்கவும் கூடாது. குடும்பத்துக்கு விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் பிழிகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அக்ரனில் 1932இல் கட்டிய 36 ஓட்ஸ் குதிர்கள், உயரமான சீமெந்துக் கோபுரங்கள், இப்பவும் நிற்கின்றன. ஆலை போனபிறகு அவற்றை ஹோட்டலாக்கினார்கள், வட்டமான அறைகள். 2007இல் அக்ரன் பல்கலைக்கழகம் வாங்கி மாணவர் விடுதியாகவும் பாவித்தது. சாக்கில் ஓட்ஸ் கொண்டுவந்த மாணவர்களில் தொடங்கி, ஓட்ஸ் குதிருக்குள்ளேயே படுத்த மாணவர்கள் வரை வந்திருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவதை எங்களில் ஒருவர் வாசித்துவிட்டு, அன்றைக்கு வேறொன்றும் வாசிக்க ஏலாது எண்டு புத்தகத்தை மூடிவிட்டார்.

மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வோல்த்தம் என்ற ஊரில், பேர்னால்ட் அரச பாடசாலை என்று ஒன்று இருந்தது. மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை அடைத்துவைத்த இடம். அங்கே இருந்த பலருக்கு அப்படி ஒரு குறைபாடும் இருக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாதவர்கள், வறுமையால் கைவிடப்பட்டவர்கள், வீட்டில் அடிவாங்கி ஓடிவந்தவர்கள். 1946இல் இருந்து 1953 வரை, எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் அங்கிருந்த 74 பையன்களுக்குக் காலைச் சாப்பாட்டில் கதிரியக்கம் கொண்ட இரும்பையும் கல்சியத்தையும் கொடுத்தார்கள். ஓட்ஸில் அல்லது அதோடு குடிக்கும் பாலில் கலந்து. ஆய்வுக்கு ஆதரவு கொடுத்தவர்களில் குவேக்கர் ஓட்ஸ் கொம்பனியும் ஒன்று. கேள்வி இதுதான்: தானியத்தில் இருக்கும் பைற்றேற் என்ற பொருள் இரும்பையும் கல்சியத்தையும் உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கிறதா? ஓட்ஸ் அந்த விசயத்தில் போட்டியாக விற்ற கோதுமைக் கஞ்சியைவிட மோசமா?

பையன்களைச் சேர்த்தது 'விஞ்ஞானக் கழகம்' என்ற பெயரில். கழகத்தில் சேர்ந்தால் மேலதிகப் பால், பேஸ்போல் மட்ச் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள், மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் கிடைக்கும். அந்தச் சுவர்களுக்குள் இருந்த பிள்ளைக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிசு எண்டு சொல்லத் தேவையில்லை. பெற்றோருக்கு அனுப்பிய கடிதங்களில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. 1993 கடைசியில் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டுவரும் வரை பையன்களுக்கும் தெரியாது. அப்ப அவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பிறகு நடந்த விசாரணைகள், கொடுக்கப்பட்ட அளவு மிகக் குறைவு, உடம்புக்குத் தீங்கு நடந்ததாகத் தெரியவில்லை என்றன. ஆனால் பிள்ளைகளின் உரிமை மீறப்பட்டது என்றும் ஏற்றுக்கொண்டன. இதில் முதல் பாதியை மட்டும் தூக்கிப் பிடிக்கிறவர்களைக் கண்டால் எங்களுக்கு எரிச்சல் வருகிறது. காலமைக் கோப்பையில் என்ன இருக்கிறது எண்டு கேட்க வழியில்லாத பிள்ளைகளைத் தேடித்தான் போயிருக்கிறார்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் போகவில்லை.

எம்.ஐ.ரி.யும் கொம்பனியும் 18 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டது 1997 முடிந்து 1998 பிறக்கும் நேரத்தில். அந்த 1997 ஜனவரியில் என்ன நடந்தது தெரியுமா? ஓட்ஸ் இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பெட்டியில் அச்சடிக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. கேட்டு விண்ணப்பித்தது அதே கொம்பனி. குறித்த ஒரு உணவுக்கு அப்படி அனுமதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆண்டின் தொடக்கத்தில் பெட்டிக்கு 'ஆரோக்கியம்', ஆண்டின் முடிவில் பையன்களுக்கு நட்டஈடு. இரண்டும் ஒரே பெட்டியின் வருடம். இதில் இரண்டாவது எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை.

அதுக்காக 1997இன் அனுமதி பொய் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் ஓட்ஸ் தவிட்டுப் பைத்தியம் ஒன்று பிடித்தது, எதை எடுத்தாலும் தவிடு போட்டு விற்றார்கள், 1990இல் ஒரு மருத்துவ ஆய்வு அதைக் கேள்விகேட்டதும் சந்தை சரிந்தது. 1997இல் வந்தது அதைவிட நிதானமான கணக்கு. ஒரு நாளைக்கு ஓட்ஸின் கரையும் நார் 3 கிராம், கொழுப்புக் குறைந்த உணவுமுறையோடு சேர்த்து, கொலஸ்ரோலைக் குறைக்க உதவும். அந்த நார்தான் நாங்கள் மேலே சொன்ன பசை. குடலுக்குள்ளும் அது பசையாகத்தான் இருக்கிறது, பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது, சீனி இரத்தத்துக்குள் போகும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. ஆனால் 3 கிராம் வேணுமெண்டால் முக்கால் கோப்பை காய்ந்த ஓட்ஸ் சாப்பிடவேணும். நன்றாக நொறுக்கிய உடனடி ஓட்ஸில் சீனி ஏறும் வேகம் தடித்த செதிலைவிடக் கூட. பெட்டி பெரிய எழுத்தில் சொல்வதற்கும் கணக்குக்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

எங்கட தட்டுக்கு வருவோம். 'பேக்' பண்ணிய ஓட்ஸ் ரிக்ரொக்கில் பிறந்ததில்லை. பென்சில்வேனியாவின் அமிஷ், மெனனைற் குடும்பங்களின் காலைச் சாப்பாடாக அது அமெரிக்காவில் அறியப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஜேர்மன் பேசும் பகுதிகளில் இருந்து வந்தவர்களின் வம்சம். 'பென்சில்வேனியா டச்சு' எண்டு சொல்வார்கள், ஒல்லாந்தருக்கும் அதுக்கும் தொடர்பில்லை, 'டொயிச்' என்ற ஜேர்மன் சொல் திரிந்தது. பெரிய குடும்பம், விடிய மாட்டுப்பட்டி வேலை. முதல்நாள் இரவே ஓட்ஸ், முட்டை, பால், சீனி, பட்டர், பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்து தட்டில் ஊற்றி வைத்தால், காலமை போறணைக்குள் தள்ளிவிட்டுப் பட்டிக்குப் போகலாம். திரும்பி வர வெந்திருக்கும். எங்களுக்கு இது லாச்சிக் கஞ்சியின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரித்தான் தெரிகிறது. ஒருவர் ஒருதரம் மினக்கெட்டால் எல்லாரும் வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். எங்கட அறையில் ஆறு பேர், ஒரே ஒரு அடுப்பு. எங்களுக்குப் பொருந்தியது அதன் ஆரோக்கியத்தைவிட இந்த நேரக் கணக்குத்தான்.

வீடியோவில் அரைக் கோப்பைக்கு மேல் சீனியும் ஒரு கை சொக்லேட்டும் போட்டார்கள். நாங்கள் அதை விட்டோம். இரண்டு கோப்பை தடித்த செதில் ஓட்ஸ், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள். வேறு பாத்திரத்தில் நன்றாகப் பழுத்த இரண்டு வாழைப்பழத்தை மசித்து, இரண்டு முட்டை, ஒன்றேமுக்கால் கோப்பை பால், உருக்கிய பட்டர் ஒரு மேசைக்கரண்டி. கலந்ததும் ஒவனுக்குள் வைக்கக்கூடாது, பத்து நிமிடம் விடவேணும். ஓட்ஸ் பாலைக் குடிக்க வேணும், இல்லாவிட்டால் அடியில் முட்டைப் பணியாரமும் மேலே காய்ந்த செதிலும்தான் வரும். முதல்தரம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. 180 பாகை செல்சியஸில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம், நடுப்பகுதி ஆடாமல் இருக்கவேணும். எடுத்தவுடன் வெட்டினால் உதிரும். ஆறவிட்டு வெட்டினால் துண்டாக வரும், லாச்சிக்குள் நடந்த அதே வேலைதான்.

ஆறு துண்டு வந்தது. கணக்குப் பார்த்தோம். ஒரு துண்டில் கோப்பையில் மூன்றில் ஒன்று ஓட்ஸ். 1997இன் முக்கால் கோப்பைக்கு அது பாதியும் இல்லை. வாழைப்பழத்தின் சீனியும் சீனிதான். ஆக, 'ஆரோக்கியமான' என்ற சொல்லை எங்கட தட்டில் ஒட்ட எங்களுக்குத் துணிவு வரவில்லை. நல்ல சாப்பாடு. சொக்லேட் பணிஸைவிட எவ்வளவோ மேல். மத்தியானம் வரைக்கும் பசிக்கவில்லை. அதுவரைக்கும் சொல்லலாம்.

விலையையும் சொல்லவேணும். இங்கே விளையாத தானியம், முழுக்கக் கப்பலில் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது இப்படியான பக்கற்றுகளின் விலை என்ன பாடுபட்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். குரக்கன் இப்ப ஓட்ஸ் போன பாதையில்தான் போகிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு எண்டு அறிவித்தது. சுப்பர் மார்க்கற்றில் குரக்கன் மாவும் அழகான பொதியில் 'ஆரோக்கியம்' எண்டு எழுதிக்கொண்டு நிற்கிறது, ஊரில் அதை விதைத்தவர் விற்ற விலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லாமல். குரக்கனில் கல்சியம் கூட, ஓட்ஸின் பசை அதில் இல்லை. ஒன்றுக்கு மற்றது மாற்று எண்டு சொல்ல ஏலாது. ஆனால் கிளினிக் பட்டியலில் ஓட்ஸ் மட்டும் ஏன் பெயரோடு இருக்கிறது, குரக்கன் ஏன் 'தானிய வகை' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது எண்டு கேட்கலாம்தானே.

நாங்கள் இரண்டு துண்டைச் சுற்றி அந்த அம்மாவுக்கு அனுப்பினோம். வெறும் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டு ரெலிபோன் எடுத்தார். "பிள்ளையள், இது கேக்கும் இல்லை, பசையும் இல்லை. பரவாயில்லை. உதுக்குள்ள குரக்கன் மா கொஞ்சம் போட்டால் எழும்புமோ?"

அடுத்த ஞாயிறு அரைக் கோப்பை ஓட்ஸைக் குறைத்து, அந்த அளவுக்குக் குரக்கன் மா போட்டோம். எழும்பியது, ஆனால் மேலே வெடித்து, கரை தட்டோடு ஒட்டிவிட்டது. பால் காணாது. இந்த முறை இரண்டேகால் கோப்பை ஊற்றிப் பார்க்கப்போகிறோம். அன்ரிக்குத் தட்டை இன்னும் கழுவிக் கொடுக்கவில்லை.